மழையை விற்கும் மலைநாடு – லெசோத்தோவில் ஐந்து நாட்கள்

ஆபிரிக்காக் கண்டத்தின் படத்தை விரித்து அதன் தென்கோடியை நோக்குவோருக்கு ஒரு விசித்திரம் புலப்படும். தென்னாபிரிக்கா என்னும் பெரிய தேசத்தின் உடலுக்குள்ளே, நாற்புறமும் அத்தேசத்தினாலேயே சூழப்பட்டு, வேறொரு நாடு தனித்து நிற்கிறது. அதன் பெயர் லெசோத்தோ. ஒரே நாட்டினால் முற்றாகச் சூழப்பட்ட சுதந்திர நாடுகள் உலகில் மூன்றே உள. மற்றைய இரண்டாகிய வத்திக்கானும் சன் மறீனோவும் இத்தாலியினுள் அடங்கிய மிகச் சிறிய இடங்கள். லெசோத்தோவோ 30,355 சதுர கிலோமீற்றர் விஸ்தீரணம் உடையது. எமது இலங்கையின் பாதியிலும் சற்றுக் குறைவு. 2016ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 20 இலட்சம் பேர்.

அந்நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நிலப்பரப்பு முழுவதும் ஆயிரம் மீற்றருக்கு மேலே அமைந்த சுதந்திர நாடு உலகில் இது ஒன்றே. கடற்கரை இல்லை, பயிரிடத்தக்க சமநிலமும் சொற்பம். ஆனால் மழை உண்டு. "சமாதானம், மழை, செழிப்பு" என்னும் மூன்று சொற்களே அத்தேசத்தின் மகுட வாக்கியம். அந்த மழைநீரே இன்று அந்நாடு அயல்நாட்டுக்கு விற்கும் பண்டங்களுள் முக்கியமான ஒன்றாகவும் விளங்குகிறது. மழையை விற்கும் நாட்டிலே, அம்மழை விழும் மலைகளில் வாழும் ஜனங்களுக்கு அதனால் கிட்டும் பயன் யாது? இதனை நேரிற் காணும் ஆவலோடு, சித்திரை விடுமுறையில், மனைவியும் மக்கள் இருவரும் உடன்வர நாம் புறப்பட்டோம்.

சானிக் கணவாய்

இந்து சமுத்திரக் கரையிலுள்ள டர்பன் நகரிலிருந்து எமது பிரயாணம் ஆரம்பமாயிற்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னையிலிருந்து வந்த கப்பலொன்று கரும்புத் தோட்டங்களுக்கு முதற் கூலியாட்களை இறக்கிய துறைமுகம் இது. எமது வண்டியைச் செலுத்த வந்தவர் அவ்வாறு வந்தோரின் வழித்தோன்றல். தமிழிற் பேச அவர் அறியார். ஆயினும் கைகூப்பி "வணக்கம்" என்றபோது எமக்கு நெஞ்சு குளிர்ந்தது. சூலு மொழியையும் ஆங்கிலத்தையும் சரளமாகப் பேசிய அவருக்கு மலைநாட்டவரின் செசோத்தோ மொழியும் ஓரளவு தெரிந்திருந்தது.

கரும்பு வயல்களையும் பைன் மரக் காடுகளையும் கடந்து மேற்கே செல்லச் செல்ல, டிராக்கன்ஸ்பேர்க் மலைத்தொடர் ஒரு நெடுமதில்போல் எழுந்து வழிமறிக்கிறது. அம்மதிலில் ஏறுவதற்குள்ள பாதைகளில் ஒன்றே சானிக் கணவாய். முற்காலத்தில் வியாபாரிகள் கோவேறு கழுதைகளின் முதுகில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இவ்வழியே சென்றனர். 1948ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாக ஒரு ஜீப் வண்டி இதில் ஏறிற்று. இன்றும் நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டிகளையே மேலே செல்ல அனுமதிக்கிறார்கள். உச்சியை அண்மிக்கும்போது பாதை கல்லும் புழுதியுமாகி, கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறுகிறது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். இளையவன் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு கண்களை மூடிவிட்டான். மூத்தவளோ வளைவுகளை எண்ணிக் கணக்கு வைத்துக்கொண்டு வந்தாள்.

கணவாயின் உச்சி 2,874 மீற்றர். எமது பிதுறுதலாகல மலையின் சிகரம் 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இலங்கையின் அதியுயர்ந்த இடத்திலும் 350 மீற்றர் மேலே நாம் நின்றோம் என்பது விளங்கும். அங்கே ஒரு சிறு குடிவரவுக் காரியாலயம், கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது, நாடு மாறிற்று.

மாணவர்கள் அவ்விடத்தில் கவனிக்கவேண்டிய அதிசயம் ஒன்றுண்டு. கணவாயின் கிழக்குச் சரிவில் விழும் மழை இந்து சமுத்திரத்தைச் சேர்கிறது. சில அடி தள்ளி மேற்கே விழும் மழையோ செங்கு நதியாகி, பின் ஒறேஞ்சு என்னும் பெயர் பெற்று, கண்டத்தைக் குறுக்காகக் கடந்து அத்திலாந்திக் சமுத்திரத்தை அடைகிறது. ஒரே மேகத்தின் துளிகள் இரு சமுத்திரங்களுக்குப் பிரிந்து போகும் இடம் அது.

கம்பளி போர்த்த மக்கள்

இந்நாட்டின் பெயரும் மக்களின் பெயரும் மொழியின் பெயரும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நாடு லெசோத்தோ, மக்கள் பசோத்தோ, அவர்களுள் ஒருவர் மொசோத்தோ, மொழி செசோத்தோ. சொல்லின் முன்னே வரும் அசை மாற, பொருள் மாறுகிறது. தமிழில் விகுதி செய்யும் வேலையை அங்கே சொல்லின் முன்னொட்டுச் செய்கிறது.

வழியிலே எதிர்ப்படுவோர் அனைவரும் வணக்கம் சொல்லாது செல்வதில்லை. ஆடவராயின் "டுமேலா, ந்தாத்தே"; பெண்களாயின் "டுமேலா, ம்மே". ந்தாத்தே என்றால் தந்தை. ம்மே என்றால் தாய். அறியாதவரையும் ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்துப் பழகிய எமது பிள்ளைகளுக்கு இம்முறை எளிதில் பிடித்துக்கொண்டது. மொக்கொட்லொங் பட்டினத்தை அடையுமுன் வழியில் கண்ட கிழவர்களுக்கெல்லாம் இளையவன் "டுமேலா, ந்தாத்தே" என்று கூவிக்கொண்டே வந்தான். ஒருவரேனும் பதில் சொல்லாது விடவில்லை.

அவர்களின் உடையிற் சிறந்தது கம்பளிப் போர்வை. தோளைச் சுற்றிப் போர்த்து ஊசியாற் கோத்துவிடுகிறார்கள். மழை, குளிர், காற்று யாவற்றுக்கும் அதுவே கவசம். திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வெவ்வேறு போர்வைகள் உண்டு. சோளப் பொத்தி வரைந்த போர்வை வளத்தின் சின்னம். கூம்பு வடிவான புல்தொப்பி மற்றோர் அடையாளம். 2006ஆம் ஆண்டு முதல் அது தேசியக் கொடியிலும் இடம்பெற்றுள்ளது.

கிராமங்களின் வட்டக் குடிசைகள் கல்லினாற் கட்டிப் புல்லினால் வேய்ந்தவை. சில வீடுகளின் முன்னே நீண்ட தடியில் சிறுகொடி பறக்கும். இது அரசியற் கொடியன்று, கடைக்குரிய விளம்பரம்! வெள்ளைக் கொடி பறந்தால் இறுங்கினால் வடித்த மது உண்டு, சிவப்பாயின் இறைச்சி, பச்சையாயின் மரக்கறி. எழுத்தறியாதவருக்கும் தூரத்திலிருந்தே விளங்கும் இந்த ஏற்பாட்டை மனைவி பெரிதும் மெச்சினாள். அவர்களின் நித்திய உணவு 'பாப்பா' எனப்படும் சோளக் களியும் 'மொரோஹோ' எனப்படும் கீரையும். எமக்கு அது புதிய உணவாகத் தோன்றவில்லை. உறைப்பு மாத்திரமே குறைவு.

மறுநாட் காலை புல்லின் மேல் உறைபனி வெண்மையாகப் படிந்திருந்தது. சரிவு ஒன்றிலே செம்மறியாடுகளும், மொஹெயர் என்னும் பட்டுப்போன்ற உரோமத்தைத் தரும் அங்கோரா ஆடுகளும் மேய்ந்தன. மொஹெயர் உற்பத்தியில் தென்னாபிரிக்காவுக்கு அடுத்த இடம் இந்நாட்டினுடையது. ஆடுகளின் பின்னே இறப்பர்ச் சப்பாத்தும் போர்வையும் அணிந்து, கையிற் கோலோடு ஒரு சிறுவன் நின்றான். எமது இளையவனின் வயதே இருக்கும். பாடசாலைக்குப் போவதில்லையா என்று சாரதி மூலம் வினவினோம். இல்லை என்று தலையசைத்தான். பிறருடைய மந்தையை ஓராண்டு மேய்த்தால் கூலியாகச் சில ஆடுகளோ ஒரு மாடோ கிடைக்கும். அதுவே அவன் குடும்பத்தின் சேமிப்பு. 2000ஆம் ஆண்டு முதல் ஆரம்பக் கல்வி படிப்படியாக இலவசமாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாகவும் ஆக்கிற்று. எனினும் மலைச்சரிவுகளில் ஆட்டிடையர்களான சிறுவர்கள் இன்னும் உளர். இதன் விளைவாக, உலகின் பல நாடுகளுக்கு மாறாக, இங்கே ஆண்களைவிடப் பெண்களே அதிகம் எழுத்தறிந்தவர்கள். பிள்ளைகள் இருவரும் தங்கள் பிஸ்கட் பொட்டலத்தை அவனிடம் கொடுத்தனர். அவன் இரு கைகளையும் நீட்டி வாங்கினான். பெரியோரிடம் பொருள் வாங்கும்போது நாம் பிள்ளைகளுக்குப் போதிக்கும் அதே மரியாதை.

மொக்கொட்லொங்கிலிருந்து மேற்கே செல்லும் பெருந்தெரு 3,200 மீற்றருக்கும் மேலே ஏறி இறங்குகிறது. வழியில் லெட்செங் வைரச் சுரங்கம். 1967ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி இவ்விடத்தில் 601 கரட் எடையுள்ள வைரத்தைக் கண்டெடுத்தார். 2018இல் 910 கரட் வைரமொன்று வெளிப்பட்டது. இச்சுரங்கத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு வெளிநாட்டுக் கம்பெனிக்கும் முப்பது பங்கு அரசாங்கத்துக்கும் உரியன. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குச் சாம்பல்நிற மண்மேடுகளே தெரியும். நாமும் அதைக் கண்டு மேலே சென்றோம்.

மலையைக் குடைந்த நதி

மூன்றாம் நாள் லெரீபே பட்டினத்திலிருந்து புறப்பட்டு, 3,090 மீற்றர் உயரமான மாஃபிக்கா-லிசியுக் கணவாயைத் தாண்டி, காட்சே அணைக்கட்டை நோக்கி இறங்கினோம். நாம் வந்த காரியமே அங்குதான் இருந்தது.

ஜொகன்னஸ்பேர்க் மாநகரம் 1886ஆம் ஆண்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதனால் எழுந்த நகரம். பெரிய நதி எதுவும் அதன் அருகில் இல்லை. இன்று அந்நகரத்தைக் கொண்ட கௌட்டெங் மாகாணத்தில் வாழ்வோர் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரோ லெசோத்தோவின் மலைகளில் பிறந்து, வேறு திசையில் ஓடிப்போகிறது. அதை வழிமறித்துத் திருப்புவதற்காக இரு நாடுகளும் 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி ஒப்பந்தம் செய்தன. அதே ஆண்டின் தொடக்கத்திலேதான் தென்னாபிரிக்காவின் அன்றைய நிறவெறி அரசாங்கம் எல்லைகளை அடைத்து லெசோத்தோவை முற்றுகையிட்டிருந்தது. மசேருவில் இராணுவம் அரசாங்கத்தைக் கைப்பற்றியிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களின் நிலை இன்னதென்பதைச் சரித்திரம் படிக்கும் மாணவர்கள் மறத்தலாகாது.

1996இல் கட்டி முடிந்த காட்சே அணையின் உயரம் 185 மீற்றர். எமது விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். அதைப்போலவே இதுவும் இருபுறமும் வளைந்த கொங்கிறீற்று அணை. தேங்கும் நீர் 45 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலைகளைக் குடைந்து முவேலா மின்னிலையத்துக்குச் சென்று, 72 மெகாவாற்று மின்சாரத்தை உண்டாக்கி, மீண்டும் 37 கிலோமீற்றர் சுரங்கத்தில் ஓடித் தென்னாபிரிக்க நதியொன்றில் விழுகிறது. எங்கும் இயந்திரம் வைத்து இறைப்பதில்லை. மலையின் உயரமே தண்ணீரைத் தள்ளுகிறது. 1998 முதல் இவ்வாறு நீர் செல்கிறது; அதற்குப் பதிலாக லெசோத்தோவுக்கு உரிமைப்பணம் வருகிறது. முன்னர் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை அயல்நாட்டிடம் வாங்கிய தேசம் தன் விளக்குகளிற் பலவற்றைத் தானே ஏற்றிக்கொண்டது. நாம் வந்த நேர்த்தியான தார்த் தெருவும் அணைக்கட்டின் பொருட்டு அமைந்ததே. இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மலைநாட்டில் நல்ல மண் பள்ளத்தாக்கின் அடியிலேதான் இருக்கும். அந்த அடி நிலமே நீரில் மூழ்கிற்று. விடுதிக்கு அருகில் கீரை விற்ற மூதாட்டி ஒருவர், நீர்ப்பரப்பின் நடுவே கையைக் காட்டி, தம் தகப்பனாரின் சோள வயல் அங்கேதான் இருந்தது என்றார். நிலம் இழந்தோருக்குத் தானியமாகவோ பணமாகவோ 50 ஆண்டுக்காலத்துக்கு நஷ்டஈடு கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. வயலுக்கோ ஐம்பது ஆண்டு என்ற எல்லை கிடையாது. அது பேரன் கைக்கும் போகும். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கீழே பழைய தெல்தெனியப் பட்டினம் கிடப்பதை அறிந்த எம்மவர்க்கு இத்துயரம் விளங்காததன்று.

இன்னொரு காட்சியையும் கண்டோம். கடல்போல் விரிந்த நீர்த்தேக்கத்துக்கு மேலேயுள்ள சரிவிலே, பெண்கள் வரிசையாகத் தலையில் வாளிகளைச் சுமந்து ஊற்றிலிருந்து நடந்து வந்தார்கள். கீழே கிடக்கும் தண்ணீரை மேலே ஏற்ற இயந்திரமும் குழாயும் பணமும் வேண்டும். சுரங்கத்தின் வழியே அது அயல்நாட்டுக்குப் போவதற்கு எதுவும் வேண்டியதில்லை. மூத்தவள் அவர்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இத்திட்டத்தில் ஊழலும் புகுந்தது. ஆனால் அதைத் தண்டித்த விதம் போற்றத்தக்கது. திட்டத்தின் தலைமை நிருவாகி 2002ஆம் ஆண்டில் இலஞ்சம் பெற்ற குற்றத்துக்காகச் சிறை சென்றார். அத்தோடு நில்லாது, இலஞ்சம் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனிகளையும் அச்சிறு நாட்டின் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்த்தது. பெரிய நாடுகளிலும் அரிதாக நடக்கும் காரியம் இது.

அணையின் அருகே ஒரு தாவரப் பூங்கா இருக்கிறது. நீரில் மூழ்கவிருந்த பள்ளத்தாக்கிலிருந்து காப்பாற்றிய செடிகளை அங்கே வளர்க்கிறார்கள். அவற்றுள் சுருட்கற்றாழை என்று நாம் அழைக்கத்தக்க ஒன்று, இதழ்களைச் சங்கின் புரிபோல் சுற்றிச் சுற்றி அடுக்கியது. உலகில் இயற்கையாக இந்நாட்டில் மாத்திரமே வளர்வது; தேசியத் தாவரம்.

மொக்கொட்லொங் மாவட்டத்தில் இப்பொழுது பொலிஹாலி என்னும் மற்றோர் அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் நீர் சுமார் 38 கிலோமீற்றர் சுரங்கத்தால் காட்சேக்கு வரும். மலையுச்சிகளிலுள்ள சதுப்புப் புல்வெளிகளே மழையைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி, ஆண்டு முழுவதும் கசியவிட்டு இந்த நதிகளை வாழவைக்கின்றன. மந்தைகள் அளவுக்கு மீறி மேய்ந்தால் அப்பஞ்சு கிழிந்து, மண் அரித்து, ஊற்றும் வற்றும். ஆகவே ஜொகன்னஸ்பேர்க்கின் தண்ணீர் அணையில் மாத்திரமன்று, அந்த ஆட்டிடைச் சிறுவன் நிற்கும் புல்வெளியிலும் தங்கியிருக்கிறது.

இரவில் வளரும் குன்று

நான்காம் நாள் மேற்குச் சமநிலத்துக்கு இறங்கித் தலைநகர் மசேருவை அடைந்தோம். வழியில் தையல் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் கூட்டங் கூட்டமாக வெளிவந்தனர். எமது நாட்டைப்போலவே அமெரிக்கச் சந்தையை நம்பிய தொழில் அது. 2025ஆம் ஆண்டில் அந்நாடு அறிவித்த புதிய தீர்வைகளினால் பலர் வேலை இழந்தனர். ஆண்களுக்கும் முன்போல் பிழைப்பு இல்லை. 1980களின் இறுதியில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் உழைத்தனர். பின்னர் அத்தொகை மிகவும் குறைந்துவிட்டது.

மசேருவுக்கு அண்மையில் தாபா போசியு என்னும் தட்டையான குன்று நிற்கிறது. பெயரின் பொருள் "இரவின் மலை". பகலிற் சிறிதாகத் தோன்றினும் இரவிலே வளர்ந்து பகைவரால் ஏற முடியாததாகிவிடும் என்பது கர்ணபரம்பரைக் கதை. 1824ஆம் ஆண்டில், போரும் பஞ்சமும் நாட்டைச் சூறையாடிய காலத்தில், மொஷ்வேஷ்வே என்னும் தலைவர் சிதறிய ஜனங்களைத் திரட்டிக்கொண்டு இங்கே குடியேறினார். வரும் வழியில் அவருடைய பாட்டனாரை நரமாமிசம் உண்போர் பிடித்துத் தின்றுவிட்டனர். பின்னர் அவர்கள் கையில் அகப்பட்டபோது, அவர்களின் வயிறே பாட்டனாரின் சமாதி என்றும், சமாதியைச் சிதைத்தல் தகாது என்றும் கூறி மன்னித்து, நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்பர். 1831இல் தோற்றுத் திரும்பிய பகைவருக்கு வழியில் பசியாற மாடுகளை அனுப்பினார் என்றும் சொல்வர். 1852இல் பிரித்தானியப் படை அவரை அடக்க வந்து தடுமாறியது. வெற்றி தம் பக்கம் இருந்தும் அன்றிரவே சமாதானம் கோரிக் கடிதம் எழுதினார். அந்தக் குன்றை எப்படையும் கைப்பற்றவில்லை.

ஆயினும் குன்றைச் சூழ்ந்த நிலம் பறிபோயிற்று. கலிடன் நதிக்கு மேற்கேயுள்ள வளமான வயல்களை வெள்ளைக் குடியேறிகள் கைக்கொண்டனர். எஞ்சியதைக் காக்க 1868ஆம் ஆண்டில் அவர் பிரித்தானிய முடியின் பாதுகாப்பை ஏற்றார். 1910இல் தென்னாபிரிக்க ஐக்கியம் அமைந்தபோது அதனுள் கரையாது தனித்து நின்றமையாலேயே, 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி லெசோத்தோ சுதந்திர இராச்சியமாயிற்று. குன்றின் உச்சியில் மொஷ்வேஷ்வேயின் எளிய கற்சமாதி இருக்கிறது. பிள்ளைகள் பாதணிகளைக் கழற்றிவிட்டு அதனருகே சென்றனர். யாரும் அவ்வாறு செய்யும்படி சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கலிடன் நதிப் பாலத்தைக் கடந்தோம். அக்கரையிலே கண்ணுக்கெட்டிய தூரம் சமநில வயல்கள். திரும்பிப் பார்த்தால் நீலமான மலைகள். வயலை இழந்தவர்களுக்கு மலை எஞ்சிற்று. பயிருக்கு உதவாதென்று பிறர் விட்டுவைத்த மலையே அவர்களுடைய விடுதலையைக் காத்தது; இன்று அதே மலையின் நீருக்காகப் பெரிய நாடு விலை கொடுக்கிறது. அவ்விலை தலைநகரின் திறைசேரியோடு நின்றுவிடாமல், வாளி சுமக்கும் தாய்மாரின் முற்றத்துக்குக் குழாயாகவும், மேய்ப்புச் சிறுவனின் கைக்குப் புத்தகமாகவும் ஏறிச் சென்று சேருமா என்பதே அந்நாட்டின் முன்னுள்ள கேள்வி. தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். அதன் பயனை மேலே ஏற்றுவதற்கு மனிதர் முயலவேண்டும்.

மாலையில் ஜொகன்னஸ்பேர்க்கில் விடுதி அறையின் குழாயைத் திறந்த மூத்தவள் சிறிது நின்று, "இது காட்சேத் தண்ணீரா, அப்பா?" என்றாள். ஒரு பங்கேனும் அதுவாகத்தான் இருக்கும் என்றோம். கழுவி முடிந்ததும் குழாயை இறுக மூடிவிட்டு வந்தாள்.